பெயருக்குக் கீழே

காப்பீட்டுக் கம்பெனியின் கடிதத்தில் ஒரு வரி:
"அறிக்கையில் முனைவர் பட்டம் பெற்றவர்
கையொப்பம் கட்டாயம்."
அந்த வரிதான் காராக மாறி
கானாடுகாத்தானிலிருந்து கிளம்பி
தேவகோட்டையில் என் வாடகை வீட்டைத்
தேடிக் கண்டுபிடித்தது.
மே மாதம். எனக்குச் சம்பளம் இல்லாத மாதம்.

அடைக்கலமேரி, மணிக்கணக்கு வேதியியல்.
கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று
ஆறு வருஷம் ஏழு மாதம்
உப்புத் தண்ணீரில் ஆணிகளைப் போட்டுவிட்டு
எதிரில் உட்கார்ந்திருந்தவள்.
அப்போது பிறந்த என் தங்கை மகன்
இப்போது பின்னம் கழிக்கிறான்.

போன தையில் ஒரு நேர்காணல். இடம் ஒன்று,
வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு.
டோக்கன் கொடுத்தவரும் முனைவராம், தமிழில்,
தினக்கூலியில் வந்திருந்தார்.
என் ஆய்வுத் தலைப்பை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து
"அரிமானம்... நல்ல சொல்லுங்க" என்றார்.
அன்றைக்கு என்னிடம் யாரும்
வேறொன்றும் கேட்கவில்லை.

பங்களாவை ஓட்டலாக்கி நாலு வருஷம்.
பழைய தூண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பின்கட்டில் புதிதாய்ப் போட்ட
நீச்சல்குளக் கூரைதான்
பாளம் பாளமாய் உதிர்ந்து
உள்ளே கம்பி சிவந்து கிடந்தது.
ஈரப் பஞ்சை வைத்து, ஒயரைப் பிடித்து,
ஏணியில் நின்று எழுபது இடத்தில் அளந்தேன்.
மைனஸ் நானூற்றுப் பன்னிரண்டு மில்லிவோல்ட்.
மைனஸ் நானூற்று முப்பது.
ஒரு வெள்ளைக்காரக் குழந்தை தண்ணீருக்குள்ளிருந்து
கையசைத்தது. நானும் அசைத்தேன்.

உடைந்த காரையில் ஒரு துண்டை
கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போய்
பொடித்து, கரைத்து, சொட்டுச் சொட்டாய்ச் சோதித்தேன்.
கடலோரத்து மணல். கழுவவே இல்லை.

மேலாளர் மாத்தூரான் நல்ல மனிதர்.
பால்பணியாரம் வைத்தார், ஏசியைக் கூட்டினார்.
"முதலாளி சிங்கப்பூர்ல இருக்காரு.
மணல் எறக்கினது அவுக மச்சான்.
மழைன்னு எழுதினா பணம் வரும்,
உப்புன்னு எழுதினா குடும்பத்துக்குள்ள சண்டை வரும்.
ஒரே ஒரு வார்த்தை மேடம்."
கவரைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.
அது என் இரண்டரை மாதம்.

இதே போலத்தான் ஒருநாள்
ஆராய்ச்சி நிலையத்தில் என் வரைபடத்தில் ஒரு புள்ளி
கோட்டைவிட்டு விலகி நின்றது.
அழித்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்றாள்
பக்கத்து மேசை சிகப்பி.
அதை அழிக்காததற்குப் பதினான்கு மாதம் ஆனது.
அதனால் எனக்கு ஒன்றும் பெரிதாய்க் கிடைக்கவில்லை,
அந்தப் புள்ளி அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

"அளந்தது உப்புங்க."
பணியாரம் ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டேன்.
அவர் கூரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார்,
பிறகு கவரைத் திறந்து பாதியை எடுத்துக்கொண்டு
மீதியை என் பக்கம் தள்ளினார்.
"போட்ட கையெழுத்துக்கு சீல் வேணுமே.
ஒங்ககிட்ட சீல் இருக்குல்ல?"

இல்லை.
மணிக்கணக்குக்காரிக்குச் சீல் எதற்கு?
காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை,
ரப்பர் ஸ்டாம்பு, கார் நம்பர் பலகை, கல்யாண பேனர்.
நூற்றெண்பது ரூபாய், அரை மணி நேரம்.
பையன் தட்டச்சு செய்துகொண்டே போனான்:
முனைவர் செ. அடைக்கலமேரி.
"கீழ என்னக்கா போட?"
"கீழயா?"
"என்ன வேலைன்னு போடணும்ல."

வெளியே திருச்சி பஸ் ஒன்று
புறப்படுகிற மாதிரி உறுமிக்கொண்டு
புறப்படாமல் நின்றது.
நான் எதையோ யோசிக்கிறேன் என்று
அவன் நினைத்திருக்க வேண்டும்.

"காலியா விடுங்க தம்பி."
"விட்டா ஒரு பக்கம் அழுத்தி, மை தீத்திரும்.
சும்மா ஒரு கோடு இழுத்து விடுறேன்,
அப்பத்தான் நேரா விழும்."

சரி, கோடு போடுங்க என்றேன்.